மாப்பிள்ளை தோற்கக் கூடாது

பீளமேட்டில் அலுவலகம் முடிந்து பைக்கில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாலையோரம் வீடு கட்டுகிறவர்கள் கொட்டிவைத்த ஜல்லி, தண்ணீரோடு சேர்ந்து நடுச்சாலை வரை பரவிக் கிடந்தது. வண்டி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். கல்லூரி மாணவர்கள் இருவர் ஓடிவந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். வலது பாதம் இருக்க வேண்டிய திசையில் இல்லை என்பதை உட்கார்ந்த உடனே பார்த்துவிட்டேன்.

மாவுக்கட்டு போட்ட மருத்துவர், ஒன்றரை மாதத்துக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார். நானும் என் மனைவியும் வாடகைக்கு இருந்தது இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. மதுக்கரையில் என் அப்பா தனியாக இருந்தார். அம்மா போன பிறகு, காலையில் ஒரு தடவை சமைத்து அதையே மூன்று வேளையும் சாப்பிடுகிற ஆள் அவர். அங்கே போய்ப் படுப்பது நடக்கிற காரியமில்லை. என்ன செய்வது என்று நாங்கள் பேசி முடிப்பதற்குள் மேட்டுப்பாளையத்திலிருந்து மாமனார் காரோடு வந்து நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளைங்க, நம்மூட்ல ஒரு படிகூட ஏற வேண்டாமுங்க. முன்னாடி ரூம்லயே கட்டில் போட்டுப்போட்டேன். பாத்ரூமும் ஒட்டியே இருக்குதுங்க. நீங்க வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

நான் சொல்லவில்லை. என்னை நாற்காலியோடு தூக்கி மாடியிலிருந்து இறக்கினார்கள்.

அந்த முன் அறை தெருவைப் பார்த்தது. சன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு மேலே மலை தெரியும். பாதி நாள் அதை மேகம் மூடியிருக்கும். விடிவதற்கு முன்பே காய்கறி லாரிகள் மார்க்கெட்டுக்குப் போகும். ஊட்டி பஸ்கள் தெருமுனையில் ஹாரன் அடித்துத் திரும்பும். எல்லாம் எங்கேயோ போய்க்கொண்டே இருந்தன. நான் இரண்டு தலையணைக்கு மேல் ஒரு வெள்ளைக் காலை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கட்டுக்குள்ளே அரிக்கும். அரிப்பது எந்த இடம் என்று துல்லியமாகத் தெரியும், ஆனால் விரல் போகாது.

ஒடிந்த காலைவிட மோசமானது மரியாதைதான். மாமனார் பாக்கு மண்டி வைத்திருந்தவர். மண்டியை மகனிடம் கொடுத்துவிட்டு, காலையில் மட்டும் ஒரு நடை போய்வருவார். தெருவில் அவர் சிரிப்பது முக்கு வரைக்கும் கேட்கும் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். என் அறைக்குள் வரும்போது அந்தச் சிரிப்பை வாசலிலேயே விட்டுவிடுவார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கோயிலில் பேசுகிற குரலில் பேசுவார். அத்தை, அதாவது மாமியார், ஒவ்வொரு வேளையும் வந்து, "மாப்பிள்ளைங்களுக்கு சந்தகை பண்ணட்டுங்களா, இல்ல தோசை ஊத்தட்டுங்களா?" என்று கேட்பார். எதுவானாலும் சரிங்க என்றால் இரண்டையும் செய்வார். தட்டில் மிச்சம் வைத்தால் உள்ளே பதறிப் பேசுவது கேட்கும். அதனால் நான் மிச்சம் வைப்பதில்லை. பசியில்லாத வேளையிலும் முழுதாகச் சாப்பிட்டேன். என் மனைவி பின்பக்க அறையில் மடிக்கணினியோடும் ஹெட்ஃபோனோடும் பொழுது சாயும் வரை அலுவலக வேலையில் இருப்பாள். நானும் மாமனாரும் மட்டும் அந்த அறையில் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, மதியம் அவர் கையில் ஒரு மரப்பலகையோடு வந்தார். சதுரங்கப் பலகை.

"சம்பந்தி சொன்னாருங்க, சின்ன வயசுல இருந்தே உங்களுக்கு அவரு செஸ் சொல்லிக் குடுத்தாருன்னு. ஒரு ஆட்டம் போடலாமுங்களா?"

என் உள்ளங்கை வியர்த்தது. மனைவியிடம் எனக்குச் செஸ் தெரியாது என்று சொல்லியிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கொண்டுவந்த பெட்டியில் கல்லூரியில் பரிசாக வாங்கிய செஸ் செட் இருந்தது. ஆடலாமா என்று ஆசையாகக் கேட்டாள். தெரியாது என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். அவளும் அதைப் பரணில் தூக்கி வைத்துவிட்டு, சமையலறையில் நின்றபடி ஃபோனில் யாரோ முகம் தெரியாதவர்களோடு ஆடிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுடைய அப்பா என் மடிக்கு முன்னால் காய்களை அடுக்குகிறார். வேறு வேலை இருக்கிறது என்று சொல்ல எனக்கு எந்த வேலையும் இல்லை. எழுந்து போகக் காலும் இல்லை.

என் அப்பா மதுக்கரையில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, அலமாரி மேலிருந்து பலகையை எடுப்பார். எனக்கு ஏழெட்டு வயது. அவர் திட்டியதில்லை, அடித்ததில்லை. நான் ஒரு காயைத் தப்பாக வைத்தால் மூக்கு வழியாக ஒரு மூச்சு விடுவார். அவ்வளவுதான். பிறகு காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போடுவார், மூடியைத் தள்ளுவார், பலகையை மடிப்பார். "நாளைக்கு யோசிச்சுட்டு வா கண்ணு" என்று சொல்லி அலமாரி மேலேயே வைத்துவிடுவார். மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். சில நாள் பத்து நகர்த்தலில் மூடிவிடும், சில நாள் இருபது. பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும் நான் ஒரு ஆட்டத்தின் கடைசியைப் பார்த்ததே இல்லை. ராஜாவைக் கட்டிப்போடுவது எப்படி என்று எனக்குத் தெரியும். அப்படி ஒன்று நடந்து மட்டும் நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு நான் எதையும் ஆடவில்லை. விடுதியில் கேரம் ஆடினால் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏதாவது போர்டு கேம் எடுத்து வைத்து ஆடுவார்கள். அதில் விதிகளைப் படித்துச் சொல்கிறவன் நான். என்னை ஆடச் சொன்னால், "நீங்க ஆடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்பேன். எல்லோரும் என்னை நல்லவன் என்று நினைத்தார்கள்.

மாமனாரோடு முதல் ஆட்டத்தில் முதல் சிப்பாயை நகர்த்தவே எனக்கு அவ்வளவு நேரம் ஆனது. அவர் பொறுமையாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நான் குதிரையை எடுத்து ஒரு கட்டத்தில் வைத்தேன். கையை எடுத்ததும் தெரிந்தது, அது அவருடைய சிப்பாய் வெட்டுகிற இடம். எனக்குக் காது சூடாகிவிட்டது. மூச்சை எதிர்பார்த்தேன், பெட்டியை எதிர்பார்த்தேன்.

மாமனார் பதறிப்போனார். "அது கை தவறி வெச்சுப்போட்டீங்க மாப்பிள்ளை. எடுத்து வேற எடத்துல வெய்ங்க."

"இல்லீங்க மாமா, வெச்சது வெச்சதுதானுங்களே."

"அட, கால் வலியில என்ன தெரியுமுங்க? எடுங்க எடுங்க." அவரே என் குதிரையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். உள்ளேயிருந்து அத்தை, "மாத்திரை போட்டா அப்படித்தானுங்க, கண்ண அசத்தும்" என்றார். அவரும் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொரு தப்புக்கும் அந்த வீட்டில் யாராவது ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். மாத்திரை, வெளிச்சம், லாரிச் சத்தம், தலையணை சரியில்லை. கடைசியில் மாமனார் தன் ராணியைக் கொண்டுவந்து என் மந்திரியின் குறுக்குக் கோட்டில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு மறுபடியும் மலையைப் பார்த்தார். நான் வெட்டினேன். "அடடா, கவனிக்கலியே!" என்று தொடையில் தட்டினார். கொஞ்ச நேரத்தில் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொண்டு காய்களைக் கலைத்தார். நான் ஜெயித்துவிட்டேனாம்.

அத்தை எண்ணெயில் சுட்ட வெல்லக் கச்சாயத்தைச் சூடாகக் கொண்டுவந்து வைத்தார்.

அன்றிலிருந்து தினமும் மதியம் அதுதான். அவர் பலகையோடு வருவார், நான் தப்பு செய்வேன், அவர் திருத்துவார், ராணியைக் கொடுப்பார், நான் ஜெயிப்பேன். ஒவ்வொரு நாளும் புதுவிதமாக ராணியைக் கொடுக்க அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது மூச்சு முட்டியது. தப்பு செய்தால் அவர் தர்மசங்கடப்படுகிறார். தப்பே செய்யாமல் ஆட எனக்குத் தெரியாது. ஒரு காயைத் தொடுவதற்கு முன் பத்து தடவை யோசித்தேன். தொட்டபின், கையை எடுக்காமல் இன்னொரு பத்து தடவை. விரல் காயின் தலையில் ஒட்டிக்கொண்டது போல அங்கேயே இருக்கும். அவர் கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்குவார்.

விஷயம் வீட்டோடு நிற்கவில்லை. கால் விசாரிக்க வருகிற ஒறம்பரை சொந்தபந்தங்களிடம் அத்தை, "நம்ம மாப்பிள்ளை தினமும் அவங்க மாமாவத் தோக்கடிச்சுப் போடறாருங்க" என்று பெருமையாகச் சொன்னார். ஒரு நாள் என் அப்பாவிடமே ஃபோனில் சொன்னார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்.

"உங்க பையனை யாராலயும் ஜெயிக்க முடியலீங்க சம்பந்தி."

"அப்படீங்களா" என்றார் அப்பா. பிறகு, "ஞாயித்துக்கிழமை வாரேனுங்க" என்றார்.

மறுநாளிலிருந்து, சாப்பிட்டதும் தூங்குவது போல நடிக்கத் தொடங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். மாமனார் வந்து வாசலில் நிற்பது தெரியும். செருப்பில்லாத பாதம் மெதுவாகத் திரும்பிப் போகும். வியர்வை கழுத்தில் இறங்கும், ஈ முகத்தில் உட்காரும், கட்டுக்குள்ளே அரிக்கும். தூங்குகிறவன் அசையக் கூடாது என்பதால் நான் அசையாமல் கிடப்பேன்.

அப்படிக் கிடந்த ஒரு சாயங்காலம், நடுக்கூடத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மரக்காய் பலகையில் விழுகிற சத்தம். யோசித்து யோசித்து வைக்கிற சத்தமில்லை. டக், டக் என்று, வேகமாக. பிறகு என் மனைவியின் குரல்.

"அப்பா, யானையப் பாருங்க."

"அட என்ற சாமி! எங்கிருந்து வந்துது இது?" அது மாமனார்தான். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. தொண்டை முழுக்கத் திறந்த குரல். உடனே அவள், "மெதுவாங்கப்பா, அவரு தூங்கறாரு" என்றாள்.

"ஆமா ஆமா." அவர் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் எனக்குக் கேட்டது. "கை நமநமன்னு இருந்துது அம்மணி. தெனமும் தோத்துத் தோத்து ஆட்டமே மறந்துபோச்சு."

"அப்பறம் ஏன் தோக்கறீங்க? அவருக்குத் தெரியாதுன்னா நெனைக்கறீங்க?"

"அவரு மாப்பிள்ளை, கண்ணு. நம்மூட்டுக்கு வந்து கால் ஒடஞ்சு கெடக்கறாரு. அவரப் போயி தோக்கடிச்சா நல்லாவா இருக்கும்?"

பிறகு காய்கள் மட்டும் பேசின. அவர் ஒரு முறை "ச்சே" என்றார். அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. அத்தைகூட ஏதோ சொல்லிச் சிரித்தார். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இயல்பாக இருந்துகொண்டிருந்தது. அந்த இயல்பு என் அறை வாசல் வரை வந்து நின்றுவிடுகிறது. எழுந்து போய்விட வேண்டும் போல அவ்வளவு வெறி எனக்கு அந்த ஒன்றரை மாதத்தில் வேறு எப்போதும் வரவில்லை. வாக்கர் சுவரோரமாக, எட்டாத தூரத்தில் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் டீ கொண்டுவந்தாள்.

"யார் ஜெயிச்சது?" என்றேன்.

டம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது. "தூங்கலீங்களா?"

"இல்லை."

"நான்தான் ஜெயிச்சேன்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அப்பாகிட்ட எத்தனையோ சொல்லிப்போட்டனுங்க. அவரு கேக்க மாட்டேங்கறாரு."

"நீ ஆடறயா என்கூட?"

என்னை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் செஸ்ஸே தெரியாதே."

நான் டம்ளரை வாங்கிச் சன்னல் திட்டில் வைத்தேன். அவள் அந்தப் பழைய பொய்யைக் கிளறவில்லை. "நான் விட்டுக் குடுக்க மாட்டேனுங்க. எனக்கு அது வராது. அப்பறம் மொகத்தத் தூக்கி வெச்சுக்கப்படாது" என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் பலகையைக் கொண்டுவந்தாள்.

அவள் ஆடியது என் மாமனார் ஆடியதைப் போலவே இல்லை. நான் யோசிக்கும்போது மலையைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு நகர்த்தலுக்குள் அவளுடைய குதிரை ஒரு கட்டத்தில் வந்து உட்கார்ந்து, என் ராஜாவுக்குச் செக் சொல்லிக்கொண்டே என் யானையையும் குறிவைத்தது. முந்தைய நகர்த்தலில் நான் அதைத் தடுத்திருக்கலாம். பார்க்கவில்லை. யானை போய்விட்டது. காது சூடானது. "சரி, முடிஞ்சுது" என்றேன். என் கை தானாகப் பலகைக்குப் போய், ஓரத்திலிருந்த ஒரு சிப்பாயை எடுத்துப் பெட்டியில் போட்டது. அடுத்ததற்குப் போனது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"தோத்துட்டேன்ல?"

"இன்னும் தோக்கலீங்க. நானும் இன்னும் ஜெயிக்கல. எவ்வளவு அழகா கொண்டுவந்து வெச்சிருக்கறேன், பாதியில மடிச்சுட்டுப் போறீங்களே? எடுத்தத மறுபடி வெய்ங்க."

அவள் எனக்கு எதையும் புரிய வைப்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. உண்மையாகவே கோபம். அவளுடைய ஆட்டத்தை நான் பிடுங்கிக்கொண்டு போகிறேன் என்ற கோபம். நான் சிப்பாயைத் திரும்ப வைத்தேன்.

அதற்கப்புறம் நடந்தது எனக்குப் புது அனுபவம். ஒரு யானை குறைவாக, தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். முதலில் கொஞ்ச நேரம் உடம்பெல்லாம் கூசியது. எப்போது முடியும் என்றிருந்தது. அவள் அவசரப்படவில்லை. பிறகு காய்கள் ஒவ்வொன்றாக வெளியே போகப் போக, பலகையில் இடம் விழுந்தது. நான் அதுவரை பலகையை நிறைந்த பலகையாகத்தான் பார்த்திருக்கிறேன். நாலைந்து காய் மட்டும் நிற்கிற பலகை அவ்வளவு விசாலமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் ராஜா ஒரு கட்டம் ஒரு கட்டமாக நடந்தது. ஒரு இடத்தில் அவளுடைய சிப்பாய் ஒன்றைப் பிடித்துவிட்டேன். "அய்யோ" என்றாள், நிஜமாக. அந்த ஒரு "அய்யோ" மாமனாரிடம் ஜெயித்த எல்லா ஆட்டங்களைவிடவும் எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் என் ராஜாவை மூலையில் கட்டினாள்.

"செக்மேட்" என்றாள். டீ ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். மறுநாள் மதியம் மாமனார் பலகையோடு வந்தபோது என் விரல் அதேபோலக் காயின் தலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் அன்றும் ராணியைக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. அவர் மரியாதையைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன், கச்சாயத்தையும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, ஒரு சீப்பு பூவன் பழம். என் காலைப் பார்த்தார், வலிக்குதா என்றார், இல்லீங்கப்பா என்றேன். அதற்குமேல் பேச எங்களுக்கு எப்போதும்போல ஒன்றுமில்லை. சாப்பாடு முடிந்து கை கழுவியதும் அத்தை, "சம்பந்தி பாக்கட்டுமுங்க, ஒரு ஆட்டம் போடுங்க" என்று தன் வீட்டுக்காரரிடம் சொன்னார். மாமனார் பலகையை எடுத்துவந்தார். அப்பா கட்டிலின் தலைமாட்டில், எனக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். என் மனைவி கதவில் சாய்ந்து நின்றாள். அறை நிறைந்துவிட்டது. மின்விசிறி சுற்றியும் காற்றில்லை.

நான் வாயைத் திறந்தேன். "மாமா, இன்னைக்கு ராணியக் குடுக்காதீங்க."

மாமனார் சிரிக்கப் பார்த்தார். "நான் எங்கீங்க குடுத்தேன்? நீங்கதான..."

"நீங்க என்னை நெஜமாவே ஒரு தடவை தோக்கடிச்சா எனக்கு நல்லா இருக்கும்ங்க."

அத்தையின் முகம் வாடியது. மாமனார் தன் மகளைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையசைத்தாள். அவர் நாற்காலியின் நுனியிலிருந்து பின்னால் நகர்ந்து, முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி மேலே வைத்து உட்கார்ந்தார். எனக்கு எதிரில் அவர் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

என்ன ஆட்டம்! மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. நான் தாக்குப்பிடித்தேன், ஓரளவுக்கு. பாதியில், ஒரு சிப்பாயைக் காப்பாற்றுகிற அவசரத்தில், என் ராணியைக் கொண்டுவந்து என் ராஜாவுக்கு நேர் முன்னால் வைத்தேன். அவருடைய யானை அதே வரிசைக்கு வந்து நின்றது. ராணி நகர்ந்தால் ராஜாவுக்குச் செக். அதனால் நகர முடியாது. நிற்கவும் முடியாது.

பின்னாலிருந்து, மூக்கு வழியாக, அந்த மூச்சு வந்தது.

பதினைந்து வருடம் கழித்தும் என் தோள் தானாகச் சுருங்கியது. தலையணை பக்கத்தில் காய்ப்பெட்டி இருந்தது. அப்பாவின் கை என் தோளுக்கு மேலாக வந்து அதை எடுத்தது. மூடி நழுவுகிற சத்தம் கேட்டது. அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. கைக்குப் பழக்கம்.

நான் திரும்பாமல் சொன்னேன். "ஆட்டம் இன்னும் முடியலீங்கப்பா."

அவர் கை பலகைக்கு வரவில்லை. நான் ராணியைக் கொடுத்து அந்த யானையை வாங்கினேன். குதிரையும் சிப்பாய்களுமாக இழுத்துக்கொண்டு போனேன். உள்ளங்கை வியர்த்து ஒழுகியது, வேட்டியில் துடைத்துத் துடைத்து ஆடினேன். தோற்பதற்கு நிறைய நேரம் பிடித்தது. கடைசி நகர்த்தலில் மாமனார், "செக்மேட்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தித் தொடையில் அறைந்தார்.

"ஏனுங்க!" என்று அத்தை அதட்டினார். "மாப்பிள்ளையப் போயி..."

மாமனாருக்கு உடனே குரல் இறங்கிவிட்டது. "மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, ஒரு வேகத்துல..."

"நல்லா ஆடுனீங்க மாமா" என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அப்பா திறந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மாமனாருக்கு உற்சாகம் அடங்கவில்லை. "சம்பந்தி, இப்படி வாங்க. நாம ஒண்ணு போடலாம். மாப்பிள்ளைக்கே சொல்லிக் குடுத்தவரு நீங்க!"

"இல்லீங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார் அப்பா.

"கோயமுத்தூர் பஸ் நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்குதுங்க சம்பந்தி."

"கண்ணு வேற முன்ன மாதிரி தெரியறதில்லீங்க." சொல்லிக்கொண்டே அவர் வலது உள்ளங்கையை வேட்டியில் தேய்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். ஆலைக் குடியிருப்பில் ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. நூலகத்துக்கு என்னை அங்கே கூட்டிப்போவார். மன்றத்து மேசையில் ஆட்கள் செஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள். "வாங்க சார், ஒரு கை குறையுது" என்று கூப்பிடுவார்கள். அப்பா, "இருக்கட்டுங்க, பையனுக்குப் புத்தகம் எடுக்கணும்" என்று நடந்துவிடுவார். என்னைத் தவிர, ஒரு சின்னப் பையனைத் தவிர, அவர் யாரோடும் ஆடி நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றியதே இல்லை.

மாமனார் காய்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். "சும்மா ஒண்ணே ஒண்ணு சம்பந்தி."

"மாமா," என்றேன், "அப்பாவுக்கு வெயில் சாயறதுக்குள்ள கெளம்புனாத்தான் ஆகுமுங்க. இன்னொரு நாள் வரட்டும், ஆடட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். பெட்டியின் மூடியைத் தள்ளி மூடி, கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, கட்டின் மேல் கையை வைத்தார். "பாத்து இரு கண்ணு" என்றார். ஆனால் உடனே போகவில்லை. மாமனாரும் என் மனைவியும் ஆட உட்கார்ந்தபோது, நின்றபடியே பார்த்தார். அந்த ஆட்டம் முடிந்த பிறகுதான் பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குப் பிறகு கட்டுப் பிரிக்கிற வரை தினமும் மதியம் மாமனார் என்னைத் தோற்கடித்தார். இரக்கமே இல்லை. தப்பாக வைத்தால், "போச்சுங்க, போச்சு!" என்று கையைத் தட்டுவார். வைத்ததை மாற்ற விடமாட்டார். அறைக்குள் காலை நீட்டி உட்கார்ந்தார், தூக்கம் வந்தால் நாற்காலியிலேயே குறட்டை விட்டார். நடுநடுவே விரல் காயில் ஒட்டிக்கொண்டு நின்ற நாட்களும் எனக்கு உண்டு. அப்போது, "மாப்பிள்ளை, பொழுது போயிருமுங்க" என்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடுவேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நான் ஜெயித்தேன். அவர் கொடுத்ததல்ல, தன் யானையை நகர்த்தி ஒரு வழியைத் திறந்துவிட்டார், நான் அதில் நுழைந்தேன். செக்மேட் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காயை வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அவர் பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டின்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ரசம் பரிமாறும்போது அத்தை குனிந்து, "அவரு தோத்தா இப்படித்தானுங்க, கண்டுக்காதீங்க" என்று காதில் சொன்னார். எதிரே என் மனைவி சோற்றைப் பிசைந்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எங்களைக் கோயமுத்தூருக்குக் காரில் கூட்டிப்போனவரும் அவர்தான். காரமடை தாண்டும் வரை வாயைத் திறக்கவில்லை.

"அந்த யானைய நகத்தாம இருந்திருந்தா ஆட்டம் எனக்குத்தானுங்க" என்றார் திடீரென்று.

பழைய நானாக இருந்தால், ஆமாங்க மாமா என்றிருப்பேன்.

"இல்லீங்க. குதிரைய அந்தப் பக்கமா கொண்டுவந்திருப்பேன்."

"எப்படீங்க வரும்? அங்கதான் சிப்பாய் இருக்குதே!"

"அந்த எடத்துல சிப்பாய் இல்லீங்க மாமா."

"இருந்துது மாப்பிள்ளை. என்ற கண்ணால பாத்தேன்."

பின் இருக்கையில் என் மனைவி ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள். பெரியநாயக்கன்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.